டேப்லெட்டில் வரையும்போது கை ஒட்டுகிறதா? செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்

கணினியில் பேனாவால் படம் வரைய உதவும் கிராபிக்ஸ் டேப்லெட்டில் நீண்ட வளைவு ஒன்றை மெதுவாக இழுக்கிறீர்கள். கோடு நடுவில் ஒரு கணம் தயங்கி நின்று, சட்டென்று துள்ளிப் போகிறது. பேனா பழுதோ, டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு இணைக்கும் சாஃப்ட்வேர்) கோளாறோ என்று தேடத் தொடங்குமுன் உங்கள் உள்ளங்கையின் ஓரத்தைக் கவனியுங்கள். சுண்டுவிரல் பக்கச் சதை டேப்லெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு அதைத் தள்ளும். ஒட்டு விட்டதும் கை தேவைக்கு மேல் நகர்ந்துவிடும். நீங்கள் பார்த்த துள்ளல் அதுதான்.

வியர்வைதான் முக்கியக் காரணம். உலர்ந்த தோல் கெட்டியாக இருக்கும். ரேகை மேடுகள் மட்டுமே பரப்பைத் தொடும். லேசாக வியர்த்தவுடன் தோல் மிருதுவாகி, கண்ணாடியோடு படிந்துவிடுகிறது. தொடும் பரப்பு கூடக் கூட உராய்வும் கூடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கோடையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தாலும் இது நடக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இங்கே இரண்டு உராய்வுகள் இருக்கின்றன: கைக்கும் பரப்புக்கும் இடையே ஒன்று, நிப்புக்கும் (பேனாவின் மாற்றக்கூடிய முனை) பரப்புக்கும் இடையே இன்னொன்று. கை வழுக்கிப் போக வேண்டும். நிப் லேசாகப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, கை ஒட்டுகிறது என்பதற்காக நிப்பை மாற்றுபவர்களும், நிப் வழுக்குகிறது என்பதற்காகக் கையுறை வாங்குபவர்களும் நிறைய. இரண்டிலும் காசுதான் வீண்.

## 1. எது ஒட்டுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள் (10 நிமிடம், செலவில்லை)

வரையும் சாஃப்ட்வேரில் கோட்டின் நடுக்கத்தைத் தானாகச் சீராக்கும் ஸ்டெபிலைசர், ஸ்மூத்திங் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சோதனையே பொய்யாகிவிடும். பிரஷ் அளவு 4 பிக்சல் வையுங்கள். டேப்லெட்டின் மேல் சுமார் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவை, 4 விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக வரையுங்கள். இதையே மூன்று விதமாகச் செய்து, நான்காவதாக ஒரு நேர்கோடும் போட வேண்டும்.

- வழக்கம்போல் கையை ஊன்றி.
- உள்ளங்கையைத் தூக்கி, நிப் மட்டும் படும்படி. ஆதாரம் இல்லாததால் கோடு அலையத்தான் செய்யும்; அதை விட்டுவிடுங்கள். நின்று துள்ளும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.
- உள்ளங்கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை வைத்து.
- ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை டேப்லெட்டின் மேல் சாய்வாக வைத்து, அதன் ஓரமாக நேர்கோடு. இரும்பு ஸ்கேல் வேண்டாம். உலோகம் பேனாவின் சிக்னலைக் குலைக்கும்.

முதல் வளைவில் துள்ளல் இருந்து, கைக்குட்டை வைத்ததும் மறைந்தால் பிரச்சினை கைதான். கையைத் தூக்கியும் துள்ளுகிறது என்றால் நிப்பைப் பாருங்கள் (பகுதி 7). ஸ்கேல் ஓரமாக இழுத்த சாய்கோடும் அலை அலையாக வந்தால், அது டேப்லெட்டின் சென்சார் நடுக்கம். மெதுவான சாய்கோடுகளில் பல டேப்லெட்டுகளுக்கு இது உண்டு. எந்தக் கையுறையும் அதைத் தீர்க்காது.

இன்னொரு இடத்தையும் தொட்டுப் பாருங்கள்: முன்கை. மேசைக்குக் கண்ணாடியோ சன்மைக்காவோ போட்டிருந்தால், உள்ளங்கையைவிட முழங்கைக்குக் கீழுள்ள பகுதிதான் மோசமாக ஒட்டும். கையுறை வாங்கியும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலருக்கு ஒட்டுவது முன்கைதான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மேசையில் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

## 2. கையையும் பரப்பையும் சுத்தமாக்குங்கள்

வரைய உட்காருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, இரண்டு நிமிடம் காற்றில் உலர விடுங்கள். கை கழுவிய கையோடு உட்கார்ந்தால் ஒட்டல் இன்னும் கூடும். லோஷன், சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய் தடவிய கை பரப்பில் பிசுக்கை விட்டுப்போகும். அதன் மேல் தூசி படியும். அந்தத் தூசி நிப்புக்கு அடியில் மாட்டினால் கீறல் விழும்.

டேப்லெட்டைத் துடைக்கும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஒரே திசையில் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. பிசுக்கு போகவில்லை என்றால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும். தண்ணீரையோ கிளீனரையோ நேராகப் பரப்பின் மேல் தெளிக்க வேண்டாம். ஓர இடுக்கில் இறங்கும். திரையுள்ள டேப்லெட்டில் ஸ்பிரிட், சானிடைசர் போடுமுன் கையேட்டைப் பாருங்கள். கண் கூசாமல் இருக்கப் போட்டிருக்கும் மேற்பூச்சு சில மாடல்களில் அதைத் தாங்காது.

பவுடர் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேண்டாம். முதல் பத்து நிமிடம் அருமையாக வழுக்கும். பிறகு வியர்வையோடு சேர்ந்து பசையாகி, முன்பைவிட மோசமாக ஒட்டும். அதோடு நிப் துளைக்குள்ளும் பேனாவின் பக்க பட்டன் இடுக்கிலும் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகு, பர்னிச்சர் பாலிஷ், சிலிக்கான் ஸ்பிரே எல்லாம் அதைவிட ஆபத்து. மேற்பூச்சைக் கெடுப்பதோடு நிப்பையும் வழுக்க வைத்துவிடும்.

திரையுள்ள டேப்லெட் ஓடிக்கொண்டிருக்கும்போது சூடாகும். சூடானால் கை வியர்க்கும். பிரைட்னஸை அறை வெளிச்சத்துக்குத் தக்கக் குறையுங்கள், பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள். மின்விசிறிக் காற்று முகத்தைவிடக் கைமேல் படும்படி இருக்கையை மாற்றிப் பாருங்கள்.

## 3. கையின் பாரத்தைக் குறையுங்கள்

எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ அவ்வளவு உராய்வு. டேப்லெட்டை மேசையின் விளிம்பிலேயே வைத்தால் முழங்கை காற்றில் தொங்கும். மொத்தக் கையின் எடையும் உள்ளங்கை ஓரத்தில் இறங்கும். டேப்லெட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, முன்கை மேசையில் படுத்திருக்கும்படி வையுங்கள். எடையை மேசை வாங்கிக்கொள்ளும்; உள்ளங்கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, தோள் தூக்கிக்கொள்ளாமல் இருக்கும் அளவுக்கு நாற்காலியை உயர்த்துங்கள். தாழ்வாக உட்கார்ந்தால் கையை மேலிருந்து தொங்கவிட்டது போலாகி அழுத்தம் கூடும். திரையுள்ள டேப்லெட்டை 20 டிகிரி அளவில் சாய்த்து வைப்பது பலருக்கு வசதி. ரொம்பச் செங்குத்தாக வைத்தால் கை கீழே சரியும், அதைத் தடுக்க நீங்களே அழுத்திப் பிடிப்பீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பேனாவை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையும் சேர்ந்து அழுந்தும். பகுதி 9-இல் சொல்லும் அழுத்த வளைவை (எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு கருமையாகும் என்ற அமைப்பு) சரிசெய்தால் அந்த இறுக்கம் தானாகத் தளரும்.

## 4. கையுறை வாங்குமுன் ஒரு தாள்

திரையில்லாத டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு இது போதும் என்றே சொல்வேன். வழவழப்பான ஒரு தாளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கைக்கு அடியில் வைத்துக்கொண்டு வரையுங்கள். கை நகரும்போது தாளும் சேர்ந்து நகரும். பென்சில் ஓவியர்கள் கரி கலையாமல் இருக்கச் செய்வதும் இதுதான்.

நாளேடு வேண்டாம், மை ஒட்டும். ஏ4 தாள், வழவழப்பான அட்டை, ஓஎச்பி ஷீட் எது இருந்தாலும் சரி. திரையுள்ள டேப்லெட்டில் தாள் படத்தை மறைக்கும் என்பதால் அங்கே கையுறைதான் வழி.

டேப்லெட் முழுவதற்கும் தாளை ஒட்டலாமா என்றால், ஒட்டலாம். பேனாவைப் பல டேப்லெட்டுகள் சில மில்லிமீட்டர் உயரத்திலேயே உணர்ந்துவிடும். ஒரு தாள் தடையே இல்லை. கையின் ஒட்டல் குறையும், நிப்புக்குப் பென்சில் பிடிமானம் கிடைக்கும். குறை என்னவென்றால் நிப் வேகமாகத் தேயும். தாளையும் அடிக்கடி மாற்ற வேண்டும். நான்கு ஓரத்திலும் செலோடேப்புக்குப் பதில் காகித மாஸ்கிங் டேப் போடுங்கள்; பசை மிச்சம் இருக்காது.

## 5. கையுறை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் டேப்லெட் வந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹுயியான், எக்ஸ்பி-பென் மாடல்கள் பலவற்றோடு கையுறை இலவசமாகவே வருகிறது. பலர் பிரிக்காமலே போட்டு வைத்திருப்பார்கள்.

வரைவோர் கையுறை என்பது மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்ளங்கை ஓரத்தையும் மட்டும் மூடுவது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வெளியே இருக்கும். பேனாவைப் பிடிக்கவும் ஷார்ட்கட் தட்டவும் அவை வேண்டும். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணிதான் வழக்கம். இணையக் கடைகளில் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டாகச் சேர்த்து விற்பதையே வாங்குங்கள். ஒன்றைத் துவைத்துப் போட்டால் மற்றது கையில் இருக்கும்.

பலர் ஏமாறுவது அளவில்தான். கட்டைவிரலைத் தவிர்த்து, விரல் முட்டிகளைச் சுற்றி உள்ளங்கையை டேப்பால் அளந்து, விற்பவர் தரும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 'ஃப்ரீ சைஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள். தளர்வாக இருந்தால் துணி மடிந்து, மடிப்பே தடையாகும். இறுக்கமாக இருந்தால் அரைமணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும்.

அடுத்தது தையல். சுண்டுவிரலின் வெளிப்புறமாக, அதாவது பரப்பில் உரசும் இடத்திலேயே, தடித்த தையல் ஓடினால் அது அழுத்தும், சில நேரம் தடக்தடக்கென்று கோட்டில் தெரியும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பல கையுறைகளில் அதுவே போதும். இடதுகைக்காரர்கள் தனியாகத் தேட வேண்டியதில்லை, பெரும்பாலானவை இரண்டு கைக்கும் பொருந்தும்.

## 6. வீட்டிலேயே செய்துகொள்வது (அரைமணி நேரம்)

தேவை: ஒரு மெல்லிய வெள்ளைப் பருத்திக் கையுறை, கத்தரிக்கோல், ஊசி நூல் அல்லது நிறமில்லாத நெயில் பாலிஷ், ஒரு பேனா. ரப்பர் புள்ளி வைத்த வேலைக் கையுறையை வாங்கிவிடாதீர்கள். அது பிடிமானத்துக்காகவே செய்தது.

கையுறையைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் அடியிலும் சுற்றிக் கோடு போடுங்கள். கழற்றி, அந்தக் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விரல் நுனிப் பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள். கோட்டிலேயே வெட்டினால் பின்னல் துணி சுருண்டு, ஓட்டை பெரிதாகிவிடும். வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்து ஒரு சுற்றுத் தைத்துவிடுங்கள். தைக்க முடியாதென்றால் ஓரம் முழுக்க நெயில் பாலிஷ் தடவி, முழுதாகக் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் ஒரே வாரத்தில் நூல் பிரிந்து வரும்.

பழைய லெக்கிங்ஸ் துணி இன்னும் நல்லது. வழுக்கும், சீக்கிரம் காயும். தைக்கத் தெரிந்தவர்கள் அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டும்போது வெயிலுக்குப் போடும் கைச்சட்டையையும் மறக்க வேண்டாம். கட்டைவிரல் துளை வைத்ததாகப் பார்த்து வாங்கினால் உள்ளங்கை ஓரம் வரை மூடும், முன்கையும் சேர்ந்து மூடும். சன்மைக்கா மேசையில் வேலை செய்பவர்களுக்குக் கடையில் விற்கும் வரைவோர் கையுறையைவிட இதையே நான் சொல்வேன். சுண்டுவிரல் வெளியே இருக்கும் என்பது ஒன்றுதான் குறை.

## 7. நிப்பைக் கவனியுங்கள்

புது நிப்பின் முனை உருண்டையாக இருக்கும். ஒரே சாய்வில் பிடித்து வரைவதால் ஒரு பக்கம் தேய்ந்து, உளி முனை போலத் தட்டையாகி, ஓரம் கூராகும். அந்தக் கூர் ஓரம் பரப்பில் மாட்டித் தடுக்கும், கீறவும் செய்யும். நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுரண்டுவது தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வெளியே ஒரு மில்லிமீட்டர்தான் தெரிகிறது என்றாலும் உடனே மாற்றுங்கள்.

மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. பேனாவோடு தரும் வளையத்தால் அல்லது சாமணத்தால் நிப்பைப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள். புதியதை நேராகச் செருகி, நிற்கும்வரை தள்ளுங்கள். உபரி நிப்புகள் பல மாடல்களில் பேனா ஸ்டாண்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், திருகித் திறந்து பாருங்கள்.

கடையில் வாங்கும்போது டேப்லெட்டின் பெயரைச் சொன்னால் போதாது. பேனாவின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு பேனாக்களுக்கு நிப்பின் தடிமன் வேறாக இருக்கும். பொருந்தாததை அழுத்திச் செருகினால் அழுத்த சென்சாரே போய்விடும். பேனா விலை நிப் விலையைப் போலப் பல மடங்கு.

ஃபெல்ட் நிப், கம்பளி மாதிரி முனை உள்ளது, பரப்பைக் கூடுதலாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு. வழுக்கும் கண்ணாடித் திரைக்கு ஏற்றது. ஆனால் சாதாரண பிளாஸ்டிக் நிப்பைவிடச் சீக்கிரம் தேயும். வேலை முடிந்ததும் பேனாவை நிப் கீழே படும்படி டம்ளரில் நிறுத்தி வைக்காதீர்கள். சென்சார் நாள் முழுக்க அழுத்தத்திலேயே இருக்கும்.

## 8. திரையின் மேல் ஃபிலிம், தொடுதிரைத் தொல்லை

பளபளக்கும் கண்ணாடியில் வியர்த்த கை படிந்து ஒட்டும். சொரசொரப்பான மேட் ஃபிலிம் போட்டால் தோல் தொடும் இடம் குறைவதால் கை எளிதாக நகரும், நிப்புக்கும் பிடிமானம் கூடும். ஈடாகப் படத்தின் துல்லியம் கொஞ்சம் போகும், வெள்ளைப் பரப்பில் வண்ணப் பொடி தூவியது போல மினுங்கும், நிப்பும் சீக்கிரம் தேயும். நிறத்தில் நுணுக்கமாக வேலை செய்பவர்கள் கையுறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஃபிலிம் வாங்க டேப்லெட்டின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண் வேண்டும். அங்குல அளவை மட்டும் பார்த்து வாங்கினால் ஓரம் பொருந்தாது. ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு தூசி உள்ளே போனாலும் குமிழி வரும். பில்லையும் பெட்டியையும் வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். பயணத்தில் கீறல் விழாமல் இருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் அதன் மேலேயே மாதக்கணக்கில் வரைகிறார்கள். அது கையைப் பசை போலப் பிடிக்கும். இன்னும் சிலர், நிரந்தரமாக ஒட்டிய மேட் ஃபிலிமையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். உரிக்க வேண்டியதில் பெரும்பாலும் இழுக்கும் காது ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் கையேடு.

ஐபேடிலும் தொடுதிரை டேப்லெட்டுகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு: உள்ளங்கை பட்ட இடத்தில் புள்ளியும் கோடும் விழும். மெல்லிய கையுறை இதைத் தடுக்காது. தொடுதிரை மெல்லிய துணியைத் தாண்டியும் விரலை உணரும். உள்ளங்கைப் பக்கம் இரண்டு மூன்று அடுக்குத் துணி வைத்த கையுறையால் ஓரளவு குறையும். ஐபேடில் அமைப்புகளுக்குப் போய், ஆப்பிள் பென்சில் பகுதியில், பென்சிலால் மட்டும் வரையும் தேர்வைப் போட்டுவிடுங்கள். வரையும் ஆப்பிலும் விரலால் வரைவதை அணைத்துவிடுங்கள். விரல் தொடுதல் உள்ள வாகாம் மாடல்களில் டிரைவரிலிருந்தே தொடுதலை அணைக்கலாம். திரையில்லாத, தொடுதல் வசதி இல்லாத டேப்லெட் பேனாவை மட்டுமே உணரும். அங்கே கையுறைக்கு உராய்வைக் குறைப்பது ஒன்றுதான் வேலை.

## 9. சாஃப்ட்வேரில் செய்யக்கூடியவை

அழுத்த வளைவு முதலில். கருமையான கோடு வர நீங்கள் ஓங்கி அழுத்த வேண்டியிருந்தால் உள்ளங்கையும் அழுந்தும். டிரைவரில் பேனா முனை உணர்வை மென்மையான பக்கமாக இரண்டு புள்ளி நகர்த்துங்கள். வரையும் சாஃப்ட்வேர்களான கிரிட்டாவில் கட்டமைப்பின் டேப்லெட் பகுதியிலும், கிளிப் ஸ்டூடியோவில் கோப்பு மெனுவிலுள்ள பேனா அழுத்த அமைப்பிலும் இதே வேலையைச் செய்யலாம். டிரைவரிலும் சாஃப்ட்வேரிலும் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும்.

பிறகு டேப்லெட்டின் பயன்பாட்டுப் பரப்பு, அதாவது பேனாவை உணர்ந்து மானிட்டரோடு பொருத்தும் பகுதி; இதை டிரைவரில் மாற்றலாம். 254 × 159 மில்லிமீட்டர் டேப்லெட்டை 1920 × 1080 மானிட்டருக்கு அப்படியே விட்டால் விகிதம் பொருந்தாது, வட்டம் நசுங்கும். உயரத்தை 143 மில்லிமீட்டராகக் குறையுங்கள். 160 × 100 அளவுள்ள சிறியதற்கு 160 × 90. பெரிய டேப்லெட்டில் பரப்பை இன்னும் சுருக்கினால் கை நகரும் தூரமே குறையும். ஆனால் ரொம்பச் சுருக்கினால் சின்ன நடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரியும். நடுப்பகுதி தேய்ந்து பளபளத்துப்போன பழைய டேப்லெட்டில், பயன்பாட்டுப் பரப்பை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தால் தேயாத சொரசொரப்பு திரும்பக் கிடைக்கும்.

கையைத் திருப்புவதற்குப் பதில் கேன்வாஸைத் திருப்பப் பழகுங்கள். கிரிட்டாவில் 4, 6 விசைகள் திருப்பும், 5 நேராக்கும். ஃபோட்டோஷாப்பில் ஆர் விசை. மணிக்கட்டு இயல்பாக வளையும் திசைக்கு வளைவைக் கொண்டுவந்தால் உள்ளங்கை ஊன்றிய இடத்திலேயே கோடு முடிந்துவிடும், இழுபடவே வேண்டியதில்லை. நீண்ட கோடுகளைத் தோளிலிருந்து, உள்ளங்கையைச் சற்றே தூக்கி, வேகமாகப் போடுங்கள். ஸ்டெபிலைசரைக் கடைசியாக, குறைந்த அளவில் சேருங்கள். கூட்டிவிட்டால் கோடு பேனாவுக்குப் பின்னால் தவழ்ந்து வரும்.

## 10. பராமரிப்பு

தினமும் வரைபவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கையுறையைத் துவைக்க வேண்டும். உப்பும் எண்ணெயும் ஏறிய துணி வழுக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால் அலசி நிழலில் காயப் போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் துணியில் படலம் தங்கும், தவிர்த்துவிடுங்கள். சுண்டுவிரல் ஓரத்தில் துணி மெலிந்து தோல் தெரிய ஆரம்பித்தால் புதியது போடுங்கள்.

துணியை மாற்றியும், பாரத்தைக் குறைத்தும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக்கொண்டே இருந்தால் அது உராய்வுப் பிரச்சினை இல்லை. முழங்கை மேசை விளிம்பில் அழுந்தி நரம்பு நசுங்குகிறதா என்று பாருங்கள். விளிம்பில் துண்டை மடித்து வைத்து, ஒரு வாரம் வரையும் நேரத்தைக் குறைத்தும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.